பாட்டு இருக்கு, பேர் இல்லை

போன மாரியில் ஒருநாள், பாசிக்குடா வீட்டில் பாட்டுகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரும்பிப் போட்டால் ஐரியூன்ஸில் ஒரு பாட்டும் இல்லை.

"எல்லாம் போயிட்டா மனே?" என்றா அம்மம்மா. காலமான மாமா கூத்துக் களரிகளில் பதிந்த கசற்றுகளைத்தான் அக்காவும் தம்பியுமாக நாங்கள் ஏற்றியிருந்தோம்.

பாட்டு போகவில்லை. எல்லாம் மியூசிக் போல்டருக்குள் இருந்தன. பழுதானது ‘ஐரியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்’ என்ற பட்டியல் மட்டும். ஆனால் எங்கட பாட்டுகள் வேவ் கோப்புகள்; அவற்றுக்குள் ஐரியூன்ஸ் பேர் எழுதாது. எது வடமோடி, எது தென்மோடி, பாடினது ஆர் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

பக்கத்திலேயே ‘பிரீவியஸ் ஐரியூன்ஸ் லைப்ரரீஸ்’ போல்டர். ஐரியூன்ஸைப் புதுப்பித்தபோது அது தானாக எடுத்துவைத்த பழைய பிரதி அதற்குள் இருந்தது. பேரிலிருந்த திகதியை அழித்து, புதிதாக உருவாகியிருந்த வெறும் கோப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தோம். பழைய பேர்கள் வந்தன. அதற்குப் பிறகு எழுதிய 11 பேர்கள் வரவில்லை.

அம்மம்மாவை இருத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம். 8 குரல்களை உடனே சொன்னா. மிச்சம் 3க்கும், "ஆரெண்டு தெரியல்லயே" என்றா. முதல்தரம் அந்தப் பேர்களையும் அவதான் சொன்னவ.

இப்ப எம்பி3 ஆக மாற்றி, பேரைப் பாட்டுக்குள்ளேயே எழுதுறம். பென்டிரைவிலும் ஒரு பிரதி இருக்கு. அந்த 3 பாட்டையும் இடைக்கிட அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுறம்.