இரண்டாம் சூடு

கிரேக்கர்களின் பாக்ஸிமாதியா என்பது, மாவை நீண்ட உருளைகளாகத் திரட்டி ஒருமுறை சுட்டு, வில்லைகளாக்கி, மறுபடியும் அடுப்பிலேற்றி ஈரம் முழுவதும் வற்றும்வரை உலர்த்தி எடுக்கும் மொறுமொறுப்பான பண்டம். அனிஸ் விதையும் ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் சேர்ந்த அதன் இனிப்பு வகை, அண்மைக்காலச் சமையல் குறிப்புகளில் 'முட்டையும் வெண்ணெயும் இல்லாத பிஸ்கோட்டி' என்று பெயர் பெற்றிருக்கிறது. பிஸ்கோட்டி என்பது 'இருமுறை வெந்தவை' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லாகையால் அதை இரவல் வாங்கியதில் பெரிய பிழையில்லை. 'இல்லாத' என்ற அடைமொழிதான் இதைக் காலங்காலமாக வீட்டில் சுட்டுவருபவர்களை உறுத்துவது; முட்டை போட்டுச் செய்யவேண்டிய ஒன்றை ஏதோ கட்டாயத்தால் அரைகுறையாகச் செய்து ஒப்பேற்றியதுபோன்ற தொனி அதில் இருக்கிறது.

மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த கிரேக்கர்கள் ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரங்கள் பெரும் நோன்பு காக்கிறார்கள். 'தூய திங்கள்' எனப்படும் நாளில் தொடங்கும் அந்நோன்பில் இறைச்சி, முட்டை, பால்பொருள்கள் யாவும் விலக்கு. நோன்புக்கு உகந்த உணவுகளுக்கு நிஸ்தீஸிமா என்று பெயர். எண்ணெயில் பிசைந்த பாக்ஸிமாதியா அவற்றுள் ஒன்று. முட்டை சேர்த்த வகையும் கிரேக்க வீடுகளில் உண்டு என்றாலும், அதிலிருந்து முட்டையைக் கழித்துப் பெற்றது அன்று இது. ஆகவே, ஆளிவிதையை அரைத்து ஊறவைத்து 'முட்டைக்குப் பதில்' சேர்க்கச் சொல்லும் இன்றைய குறிப்புகள் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பவை. அதே சமயம் நோன்புணவும், விலங்குகளிடமிருந்து எதையும் பெறாத நனிசைவமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும்: நோன்பில் கணவாயும் ஆக்டோபஸும் தேனும் அனுமதிக்கப்பட்டவை. தேன் விட்டுப் பிசைந்த மாவு நோன்புக்குப் பொருந்தும், நனிசைவத்துக்குப் பொருந்தாது. அங்கே சர்க்கரையோ, திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிய பெத்திமேஸி என்ற பாகோதான் வழி.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் வழுக்கிவிழ வாய்ப்புள்ள ஒன்று உண்டு. நம் கடைகளில் சோம்பு, பெருஞ்சீரகம் என்ற பெயர்களில் கிடைப்பது ஃபென்னல் விதை. பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் அனிசீட் என்று அச்சிட்டிருந்தாலும் அது அனிஸ் ஆகிவிடாது. அனிஸ் அதைவிடச் சிறியது, உருண்டையானது, இனிப்பு கூடியது. இரண்டிலும் மணம் தருவது அனெத்தோல் என்ற பொருளே என்றாலும், சோம்பில் கற்பூரச் சாயலுள்ள ஃபென்கோன் என்பதும் கலந்திருப்பதால் பின்நாக்கில் லேசான கசப்பு தங்கும். அனெத்தோல் எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும், தண்ணீரில் கரையாது. ஊஸோ என்ற கிரேக்க மதுவில் தண்ணீர் விட்டதும் அது பால்போல் வெளுப்பது இதனாலேயே. விதையை வெந்நீரில் கொதிக்கவைத்து அந்த நீரை மாவில் விடும் வழக்கம் உண்டெனினும், உரலில் ஒன்றிரண்டாக நசுக்கி ஆலிவ் எண்ணெயில் சிறிதுநேரம் ஊறவிடுவதே மணத்தை முழுமையாக வாங்கும் வழி.

மாவின் அளவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 'எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு' என்பதே கிரேக்க வீட்டுக் குறிப்புகளின் வழக்கமான அளவு, அது போதும். எண்ணெயை முதலில் மாவோடு விரல்களால் தேய்த்துவிட்டு, சோடா உப்பை ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துப் பிறகு ஊற்றவேண்டும். சாற்றின் புளிப்பில் சோடா பட்டதும் கோப்பை நுரைத்துப் பொங்கி வழியும் என்பதால் அதைத் தட்டின்மேல் வைத்துக் கரைப்பதும், நுரை அடங்குமுன் மாவில் சேர்ப்பதும் எல்லோரும் அறிந்ததே. அதற்குமேல் பிசைவது தவறு. பிசையப் பிசைய மாவு எண்ணெயைக் கக்கி, கையில் பிசுக்காக வழிந்து, மீண்டும் ஒன்றுசேர மறுக்கும்.

ஆனால் இக்கைவேலையின் உண்மையான சோதனை வெட்டுவதில் இருக்கிறது. பல ஆண்டு பழகியவரும் தோற்கும் இடம் அது. முட்டை போட்ட உருளையில் வெந்த முட்டை துணுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எண்ணெய் உருளையில் அந்தப் பிடிப்பு இல்லை. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கத்தி வைத்தால் உள்ளே ஈரமாக இருக்கும் பகுதி கத்தியோடு இழுபட்டு நசுங்கும். முழுக்க ஆறவிட்டு வெட்டினாலோ மேற்தோல் இறுகிப்போய், கத்தி அதை உடைக்கும் அதிர்ச்சியில் வில்லை இரண்டாகப் பிளந்து, பலகை முழுவதும் பொடி சிந்தும். இவ்விரண்டுக்கும் நடுவே, உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தால் பொறுக்கக்கூடிய வெதுவெதுப்பு நிற்கும் சில நிமிடங்கள்தாம் வெட்டுவதற்குரிய வேளை. அதைக் கடிகாரம் காட்டாது, கைதான் காட்டும். அப்போதும் ரம்பப் பல்லுள்ள கத்தியை அழுத்தாமல், மேற்தோலை அறுத்து முடிக்கும்வரை முன்னும் பின்னும் இழுத்து, பிறகு ஒரே இறக்காக இறக்கவேண்டும். கிரேக்கப் பாட்டிமார் இந்த வம்பே வேண்டாமென்று, பச்சை மாவு உருளையிலேயே ஒரு விரல் இடைவெளியில் அடிவரை எட்டாத ஆழமான கீறல்களைப் போட்டுச் சுட்டு, வெந்தபின் அந்தத் தடத்தில் கையால் பிரித்தெடுத்தார்கள். ஒளிப்படத்தில் அழகாகத் தெரியும் வழவழப்பான வெட்டுமுகம் அதில் கிடைக்காது. அதனாலேயே இன்றைய இளையவர்கள் அந்த முறையைக் கைவிட்டு, மாவில் சோளமாவைக் கலந்து, எளிதாக வெட்டுப்படும் ஆனால் வாயில் சுண்ணாம்பாய்க் கரையும் ஒன்றைச் சுடுகிறார்கள். சொரசொரப்பான உடைமுகம்தான் காப்பியை உறிஞ்சும் என்று எடுத்துச்சொன்னால் கேட்பார் இல்லை.

இரண்டாம் சூட்டை 'இன்னொருமுறை சுடுதல்' என்று புரிந்துகொள்வதால் விளைவது அடுத்த கேடு. முதற்சூடு, 180 டிகிரி செல்சியஸ் அளவில் அரைமணி நேரம், மாவை வேகவைப்பதற்கு. இரண்டாவது, வெந்ததிலிருந்து ஈரத்தை வெளியேற்றுவதற்கு. அது 130 டிகிரியைச் சுற்றி ஒரு மணி நேரமேனும் நடக்கவேண்டும். பின் அடுப்பை அணைத்து, கதவை இலேசாகத் திறந்துவைத்து, உள்ளேயே ஆறவிடவேண்டும். சூட்டைக் கூட்டி 10 நிமிடத்தில் முடிப்பவர் கையில் ஓரம் சிவந்து நடு ஈரமாக உள்ள வில்லை கிடைக்கும். டப்பாவில் அடைத்த மூன்றாம் நாள் அந்த நடுவின் ஈரம் வெளியே பரவி, எல்லாம் ஒருசேர நமுத்துப்போகும்.

இந்தக் குறுக்குவழியும் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், பேரரசர் ஜஸ்டீனியனின் படை 533ஆம் ஆண்டில் தளபதி பெலிசாரியஸின் தலைமையில் வட ஆப்பிரிக்காவின் வாண்டல்கள்மீது கப்பலேறியபோது நடந்ததை எழுதியிருக்கிறார். படைவீரரின் ரொட்டி நெடுநாள் தாங்குவதற்காக இருமுறை அடுப்பேறவேண்டியது, அதில் எடை நான்கில் ஒரு பங்கு குறையும் என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்டது. விறகையும் சுடுபவர் கூலியையும் எடையையும் மிச்சம்பிடிக்க நினைத்த உயர் அதிகாரி, கப்படோசியா நாட்டு யோவான், பச்சை மாவைக் கான்ஸ்டாண்டிநோபிளின் பொதுக் குளியலகம் ஒன்றின் அடியில் தீ எரியும் இடத்தில் வைத்து, வெந்ததுபோல் தோன்றியதும் மூட்டையில் போட்டு அனுப்பிவிட்டார். கப்பல்கள் கிரேக்கத்தின் மெத்தோனே துறையை அடைவதற்குள் ரொட்டி மாவாக உதிர்ந்து, பூசணம் பிடித்து நாறியது. கோடை வெயிலில் அதைத் தின்ற வீரர்களில் 500 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பெலிசாரியஸ் அவ்வூர் ரொட்டியை வாங்கிக் கொடுத்துப் படையைக் காப்பாற்றியதோடு, யோவானைப் பற்றிப் பேரரசருக்கு முறையிட்டார். முறையிட்டவருக்குப் பாராட்டு கிடைத்தது. யோவானுக்குத் தண்டனை எதுவும் இல்லை.