எது சார் புகைவண்டி?

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல். அதாவது, நம் தாத்தா காலத்திலேயே புகையில்லாமல் ஆபீஸ் போக வழி பிறந்துவிட்டது. ஆனாலும் ரயிலுக்குத் தமிழில் 'புகைவண்டி' என்றுதான் பெயர். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. ரோட்டில் நிஜமாகவே புகை கக்கிக்கொண்டு போகிற சமாசாரங்களுக்கோ, சாமி புறப்பாடு மாதிரி 'வாகனம்' என்று மரியாதை!

சரி, இன்றைக்கு ரோடு வழியாகவே போய்ப் பார்ப்போம். தாம்பரம் டு பாரிமுனை. சுமார் 30 கிலோமீட்டர். கிளம்புகிற நேரம் காலை எட்டரை. கர்ச்சீப் அவசியம். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

குரோம்பேட்டை, பல்லாவரம் வரைக்கும் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, கார், டூ-வீலர் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு போகின்றன. மீனம்பாக்கத்தில் பெட்டி படுக்கையோடு டாக்ஸிகளும் சேர்ந்துகொள்கின்றன. அடுத்து கத்திப்பாரா. 2008ல் திறந்த மேம்பாலம். மேலேயிருந்து போட்டோ எடுத்தால் க்ளோவர் இலை மாதிரி அத்தனை அழகு! ஆனால் யாரும் மேலேயிருந்து குடித்தனம் நடத்துவதில்லையே...

ஆலந்தூர் பக்கம் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "காலையில துடைச்ச ஜன்னல் கம்பியை சாயங்காலம் தொட்டுப் பாருங்க, விரல்ல மை வெச்ச மாதிரி இருக்கும். ஓட்டே போட்டுடலாம்" என்றார். சிரித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தூசியை நான் துடைச்சிடுவேன் தம்பி. பையனுக்கு ராத்திரியில நெஞ்சு 'கர்கர்'ங்குதே, அதை எதால துடைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

கிண்டி தேசியப் பூங்கா பக்கம் வந்தால் மூச்சு கொஞ்சம் லேசாகிறது. சுமார் 270 ஹெக்டேர் மரம். மான்கள் கொடுத்து வைத்தவை, ஆபீஸும் கிடையாது, சிக்னலும் கிடையாது. சைதாப்பேட்டையில் அடையாறு, தன் சொந்த வாசனையால் புகையை மறக்கடிக்கிறது. தேனாம்பேட்டை சிக்னலில் மறுபடி ஞாபகம் வந்துவிடும். சிவப்பு விளக்கில் விநாடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. முக்கால்வாசிப் பேர் எஞ்சினை நிறுத்துவதில்லை. வண்டி நிற்கிறது, பெட்ரோல் ஓடுகிறது!

1973ல் கட்டிய ஜெமினி மேம்பாலத்தைத் தாண்டினால் எல்.ஐ.சி., சென்ட்ரல், பாரிமுனை. வந்து இறங்கியதும் கர்ச்சீப்பைப் பிரித்துப் பார்க்கலாம். அதுதான் பயணக் கட்டுரை.

"டெல்லியைப் பார்த்தீங்களா சார், நாம எவ்வளவோ தேவலை" என்பார்கள். வாஸ்தவம். நமக்குக் கடல் இருக்கிறது. மத்தியானம் கடற்காற்று புறப்பட்டு வந்து ஊரையே ஒரு பெருக்கு பெருக்கிவிட்டுப் போகிறது. ஆனால் மார்கழிக் காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது புகை மேலே போகாமல் தலைக்கு மேலேயே தங்கிவிடும். போகியன்று டயர் புகையும் கூட்டணி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரிகிற கரும்புகையாவது பரவாயில்லை, மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். ஆபத்து 'பி.எம். 2.5' என்கிற நுண்துகளில். தலைமுடியின் குறுக்களவில் சுமார் முப்பதில் ஒரு பங்கு! மூக்கு, தொண்டை செக்போஸ்ட்டையெல்லாம் தாண்டி நேராக நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இது வருஷ சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன அளவோ வெறும் 5. நம் நுரையீரல் எட்டு மடங்கு கெட்டி என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது!

நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்கக் கூடாது. 2000லிருந்து பெட்ரோலில் ஈயம் கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 எஞ்சினும், கந்தகம் குறைந்த எரிபொருளும் வந்துவிட்டன. 2015லிருந்து மெட்ரோ ஓடுகிறது. 2025ல் மாநகர மின்சார பஸ்களும் வந்தன. ஆனால் டயரும் பிரேக்கும் தேய்கிற தூள், ரோட்டில் கிளம்புகிற மண் இதற்கெல்லாம் எஞ்சின் மாறினால் போதாது. வண்டியின் எண்ணிக்கையே குறைய வேண்டும்.

அப்புறம் அந்த 'பொல்யூஷன் சர்டிபிகேட்'. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். டீசலில் புகையின் அடர்த்தி. அந்த நுண்துகளின் எடையை யாரும் அளப்பதில்லை. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி என்று சில இடங்களில் தானியங்கி நிலையங்கள் காற்றை அளக்கின்றன. ஆனால் புகை, ரோட்டோரத்தில்தான் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். "ஆலந்தூர்ல அளந்தா தேனாம்பேட்டைல கடை வெச்சிருக்கிற என் நெஞ்சு எப்படி சார் தெரியும்?" என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுக்க அந்த சிக்னலோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர்தானே!

நான் பி.காம். அதனால் கணக்கு இப்படித்தான் வருகிறது. ஆபீஸுக்கு டூ-வீலரில் போனால் பத்து நிமிஷம் மிச்சம். அது நமக்கு வரவு. செலவு? அது நம் பேரேட்டில் வராது. ஆலந்தூர்ப் பையனின் பேரில் எழுதப்படுகிறது. வரவு ஒருத்தருக்கு, செலவு இன்னொருத்தருக்கு என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ரோட்டோரத்துக்காரர்கள் கேட்பது பெரிய வரமில்லை. பக்கத்தில் அளங்கள், அளந்ததை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், நிறைய பஸ் விடுங்கள், பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போக பிளாட்பாரத்தைக் காலி பண்ணிக் கொடுங்கள். நம்மிடம் கேட்பது இன்னும் சின்னது. சிக்னலில் எஞ்சினை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ரயிலேறுங்கள்.

குரோம்பேட்டை தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து ரோட்டில் வரிசையாக நிற்கும். குழந்தைக்குக் கைநீட்டிக் காட்டலாம்:

"அதோ பாரு கண்ணு, புகைவண்டி!"