ஜோம்பிக்கு வலிக்காது

கராத்தே கிளாஸ் போகும் பையன் எவனும் ஒரு தடவையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். நாளைக்குக் காலையில் ஊரே ஜோம்பியாகி எழுந்து வந்தால் தனியாளாக எத்தனை பேரைச் சமாளிக்கலாம்? ஐந்து? பத்து? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் சும்மா இருப்பானா? "உன் கராத்தே எல்லாம் வேலைக்கு ஆகாது மச்சி, மெஸ்ல இருக்கற சாம்பார் கரண்டி போதும் எனக்கு" என்பான். இரண்டு பரோட்டா முடிவதற்குள் மொத்த ஹாஸ்டலுக்கும் போர்த் திட்டம் தயாராகிவிடும்.

வெட்டிப் பேச்சுதான். ஆனாலும் இதைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொண்டு யோசித்தால், தற்காப்புக் கலைகள் எல்லாம் எந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்த அஸ்திவாரத்தை உருவிவிட்டால் எது விழும், எது நிற்கும்? அதுதான் கேள்வி.

முதலில் விதிமுறைகள்

ஜோம்பி என்றால் எந்த ஜோம்பி? ஹைட்டியின் பழங்கதைகளில் வருவது மந்திரவாதிக்கு அடிமையாகிப்போன பிணம். அது யாரையும் கடித்துத் தின்ன வராது. இன்று எல்லோருக்கும் தெரிந்த, மனித மாமிசம் தேடிக் கூட்டமாக அலையும் ஜோம்பியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ரொமேரோ. படம் 1968ல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தில் ஜோம்பி என்ற வார்த்தையே வராது. ரொமேரோவின் பிணங்கள் தள்ளாடித்தான் நடக்கும். டானி பாயில் 2002ல் எடுத்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் வருபவர்கள் செத்தவர்களே இல்லை, வைரஸ் தொற்றியவர்கள். அவர்கள் ஓடியே வருவார்கள். தமிழில் 2016ல் வந்த 'மிருதன்' ஊட்டியில் நடக்கும். அதில் ஹீரோ போலீஸ்காரர், கையில் துப்பாக்கி இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஹாஸ்டல் பையன் கையில் என்ன இருக்கப்போகிறது?

ஆகவே ஆட்டத்துக்கு நாலு விதி வைத்துக்கொள்ளலாம்.

1. ஜோம்பிக்கு வலி கிடையாது.
2. பயமும் கிடையாது, களைப்பும் கிடையாது.
3. ஒரு கடி பட்டாலும் முடிந்தது கதை.
4. மூளை சிதைந்தால்தான் அது விழும்.

இந்த நாலில் முதல் விதிதான் மிக மோசமானது.

எதிரி ஒத்துழைக்க வேண்டும்

எந்தத் தற்காப்புக் கலையை எடுத்தாலும் அதில் சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது: எதிரில் நிற்பவன் உயிர் வாழ ஆசைப்படுகிறவன். விலாவில் குத்தினால் மூச்சு முட்டிக் குனிவான். தொடையில் உதைத்தால் அடுத்த அடி வைக்க யோசிப்பான். மணிக்கட்டை முறுக்கினால் வலி போகும் திசையிலேயே தானாக உடம்பைத் திருப்புவான். அய்கிடோவில் ஆள் பறந்து விழுவது பாதி அதனால்தான். கையை உடைத்துக்கொள்வதைவிட விழுவது மேல் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

ஜோம்பிக்குத் தெரியாது. மணிக்கட்டை முறுக்கினால் மணிக்கட்டு உடையும், அவ்வளவுதான். உடைந்த கையோடு அது இன்னும் கிட்டே வரும், வாயைத் திறந்துகொண்டு.

கழுத்துப் பிடியும் அப்படியே. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களையும் சரியாக அழுத்தினால் மனிதன் பத்து விநாடிக்குள் மயங்கிவிடுவான். மூளைக்கு ரத்தம் போகவில்லையே. ரத்தம் ஓடாத ஒரு பிணத்தின் கழுத்தை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் என்ன ஆகும்? கை வலிக்கும்.

சரி, நேராக முகத்தில் ஒரு குத்து? அது இன்னும் ஆபத்து. கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடைவது சகஜம். அதைவிட மோசம் வாயில் குத்துவது. முஷ்டி பல்லில் பட்டுக் கிழிந்தால் வாயில் உள்ள கிருமி நேராக விரல் மூட்டுக்குள் போகும். சீழ் பிடித்து ஆபரேஷன் வரை போவதுண்டு. டாக்டர்கள் இதற்கு 'ஃபைட் பைட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சண்டைக்கடி! ஜோம்பி கடிக்கவே வேண்டாம், அதன் பல்லில் இவன் போய்க் கையைக் கொடுத்தால் போதும்.

கடிக்கக்கூடாது என்பது பழைய சட்டம்

பழங்கால கிரேக்கர்கள் ஒலிம்பிக்கில் பங்க்ரேஷன் என்று ஒரு சண்டை நடத்தினார்கள். கி.மு. 648ல் சேர்க்கப்பட்டது. குத்தலாம், உதைக்கலாம், விரலை ஒடிக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். இரண்டே இரண்டுதான் கூடாது: கடிப்பது, கண்ணைத் தோண்டுவது. அப்புறம் 1993ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் முதல் யூஎஃப்சி போட்டி நடந்தது. விதியே இல்லாத சண்டை என்று விளம்பரம். அங்கேயும் கடிக்கக்கூடாது, கண்ணைத் தோண்டக்கூடாது! இரண்டாயிரத்து அறுநூறு வருஷ இடைவெளியில் இரண்டு தேசத்துக்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

காரணம் சுலபம். கடியை அனுமதித்தால் கட்டிப்பிடித்துப் போடும் சண்டை அத்தனையும் மாறிவிடும். டென்வரில் அன்று ஜெயித்தவர் ராய்ஸ் கிரேசி. தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்து மடக்கினார். ஜியு-ஜிட்சுவின் பெருமையே அந்த நெருக்கம்தான். ஜோம்பியோடு அந்த நெருக்கம் தற்கொலை.

சந்தேகம் இருந்தால் 1997 டைசன் - ஹோலிஃபீல்ட் சண்டையை நினைத்துப் பார்க்கலாம். மூன்றாவது ரவுண்டில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தபோது டைசன் காதைக் கடித்தார். ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. ஹோலிஃபீல்ட் அப்போது உலக ஹெவிவெயிட் சாம்பியன். நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார், சுற்றி ஆயிரக்கணக்கில் ஜனம். அவராலேயே தடுக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கிளாஸுக்குப் போன பையன் எப்படித் தடுப்பான்?

அப்படியானால் எதுவுமே உதவாதா?

உதவும். வலியை நம்பாதவை எல்லாம் உதவும்.

இரண்டு காலில் நிற்கும் எதையும் சாய்க்கலாம். வலி இல்லாவிட்டாலும் புவியீர்ப்பு இருக்கிறது. முவே தாயில் 'தீப்' என்று ஓர் உதை உண்டு. காலைத் தூக்கி எதிராளியின் இடுப்பிலோ மார்பிலோ வைத்துத் தள்ளுவது. அடிப்பதைவிடத் தள்ளுவதுதான் அதன் வேலை. தள்ளாடும் ஜோம்பி அதில் மல்லாக்க விழும். எழுந்து வருவதற்குள் பத்து அடி தூரம் கிடைத்துவிடும். ஜூடோவில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது விழுவதற்கு. தலையில் அடிபடாமல் உருண்டு எழுவது. மாடிப்படியில் ஓடும்போது கால் தடுக்கினால் காப்பாற்றப்போவது அதுதான், பிளாக் பெல்ட் இல்லை.

சிலம்பத்துக்கு இங்கே தனி மரியாதை தரவேண்டும். கம்பு ஏறக்குறைய நெற்றி உயரம். அதைச் சுழற்றும் அழகைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் வாத்தியார்கள் முதலில் பிழிந்தெடுப்பது காலடி வரிசையில். எங்கே கால் வைப்பது, எப்படி விலகுவது, ஒருவன் முன்னாலும் ஒருவன் பின்னாலும் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது. பலர் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கும் கலை அது.

சமையலறையும் கொல்லைப்புறமும்

இனி ஆயுதம். மனித மண்டையோட்டின் கனம் சராசரியாக ஆறேழு மில்லிமீட்டர். சினிமாவில் தர்பூசணி மாதிரி பிளக்கிறது. நிஜத்தில் அது வளைந்த எலும்பு, அடியை வழுக்கிவிடும்.

'ஷான் ஆஃப் த டெட்' (2004) படத்தில் ஷானும் நண்பனும் முதலில் பழைய எல்.பி. ரெக்கார்டுகளை எடுத்து வீசுவார்கள். அதிலும் எந்த ரெக்கார்டை வீசலாம், எதை வீசக்கூடாது என்று சண்டை வேறு :-) கடைசியில் கைகொடுப்பது கிரிக்கெட் மட்டை. மட்டை நல்ல தேர்வு. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, பிடி நழுவாது, எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆனால் சட்டப்படி அதன் நீளம் 38 அங்குலத்துக்கு மேல் போகாது. அதாவது அடிக்கும்போது ஜோம்பியின் கை இவன் சட்டையைப் பிடிக்கும் தூரம்.

'வாக்கிங் டெட்' தொடரில் மிஷோன் வைத்திருக்கும் ஜப்பானியக் கத்தி பார்க்க அட்டகாசம். பழகாதவன் கையில் எலும்பில் மாட்டிக்கொள்ளும், உருவுவதற்குள் அடுத்தது வந்துவிடும். மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்? கனம், பெட்ரோல் செலவு, அது போடும் சத்தத்தில் பக்கத்து ஊர் ஜோம்பியும் வரும். கடப்பாரை நல்ல சாமான்தான், நாலு முறை ஓங்கினால் தோள் கழன்றுவிடும். பாக்ஸர்களே மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்டூலில் உட்காருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

மேக்ஸ் ப்ரூக்ஸ் 2003ல் எழுதிய ஜோம்பி கையேட்டில் ஷாவ்லின் துறவிகளின் மண்வெட்டி போன்ற நீளக் கோலைப் புகழ்கிறார். சீனாவுக்குப் போகவேண்டாம். முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி இருக்கிறதே! நீள மூங்கில், முனையில் வளைந்த கத்தி. காலை இழுத்துச் சாய்க்கலாம், கிட்டே வராமல் தள்ளி நிறுத்தலாம். வெட்டவெளியில் அதற்கு இணை கிடையாது. ஹாஸ்டல் வராந்தாவில் திருப்பக்கூட முடியாது என்பது வேறு விஷயம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிதான் ராஜா. சிங்கத்தைப் பழக்குபவர் பிடிப்பதுபோல நாலு காலும் முன்னால் வரப் பிடித்தால் வாய் கிட்டே வராது.

அடிப்பதற்கு என்ன என்று தேடும் நேரத்தில், கடிபடாமல் இருக்க என்ன என்று தேடுவது உத்தமம். 'வேர்ல்ட் வார் இசட்' (2013) படத்தில் பிராட் பிட் ஒரு பத்திரிகையை முன்கையில் சுற்றி டேப் ஒட்டிக்கொள்வார். 2016ல் வந்த கொரியப் படம் 'ட்ரெய்ன் டு பூசான்'. அதிலும் அடுத்த பெட்டிக்குள் நுழையுமுன் கைகளில் டேப் சுற்றிக்கொள்வார்கள். பழைய வார இதழும் ஒரு ரோல் டேப்பும் எந்தக் கத்தியைவிடவும் உருப்படியானவை.

ஓங்கிய கை

'ட்ரெய்ன் டு பூசான்' படத்தில் ஒரு பேஸ்பால் பையன் வருகிறான். கையில் மட்டை, அடிக்கத் தெரிந்தவன், முன்னால் வந்தவர்களையெல்லாம் அடித்துக்கொண்டே போவான். ஒரு பெட்டியில் எதிரே வருவது அவனுடைய டீம் பையன்கள், அதே சீருடையில். ஓங்கிய மட்டை அப்படியே நின்றுவிடும். கேன்டீன் திட்டங்களில் யாரும் சேர்க்காத கணக்கு இது. அங்கே கொல்லப்படும் ஜோம்பிகளுக்கு முகமே கிடையாது. நிஜத்தில் வருவது பக்கத்து ரூம்காரனாக, மெஸ் அண்ணனாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. ரொமேரோ படத்தில் பென் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கிறான். ஆரம்பத்தில் கையில் ஓர் இரும்புக் கம்பி, மேஜைக் காலில் துணி சுற்றிய தீப்பந்தம். ஆனால் அவன் அதிக நேரம் செய்வது தச்சு வேலை. கதவைக் கழற்றிப் பலகையாக்கி ஜன்னலில் அடிப்பது. விடிந்ததும் காப்பாற்றும் படை வருகிறது. வெளியே எட்டிப் பார்த்தவனை ஜோம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். தூரம் இருந்தது, நல்ல துப்பாக்கி இருந்தது, குறியும் தப்பவில்லை. "யாரது?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் பதில் வந்திருக்கும்.

ஜோம்பி நோய் பரவும் முதல் மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ரத்தம் வழியத் தள்ளாடி வருபவன் ஜோம்பியாக இருக்கலாம், பைக் விபத்தில் அடிபட்டவனாகவும் இருக்கலாம். காக்காய்வலிப்பு வந்து எழுந்தவனாக இருக்கலாம், வெறுமனே குடித்தவனாகவும் இருக்கலாம். பார்த்ததும் தலையைப் பிளப்பவன் எத்தனை ஜோம்பியைக் கொன்றாலும் அந்த ஒரு தலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தற்காப்புக் கலையின் இன்னொரு பாதிக்கு இங்கேதான் வேலை. கராத்தேயில் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் முஷ்டியை நிறுத்தப் பழக்குகிறார்கள். ஜூடோவில் எதிராளி இரண்டு தட்டு தட்டினால் அந்த விநாடியே பிடியை விடவேண்டும். அடிப்பதற்குச் செலவழிக்கும் அளவு நேரத்தை நிறுத்துவதற்கும் செலவழிக்கிறார்கள். ஜோம்பி தட்டாது, கெஞ்சாது, அதனால் அதனிடம் இந்தப் பாடம் வீண் என்று தோன்றும். தட்டுகிறதா இல்லையா என்று கவனிக்கப் பழகியவனுக்குத்தான் எதிரே இருப்பது ஜோம்பியா மனிதனா என்று தெரியும். நீளக் கம்பு கொடுக்கும் ஆறடி இடைவெளியில் ஒரு கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். கேட்கவேண்டும்.

2011ல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஜோம்பி வந்தால் என்ன செய்வது என்று நிஜமாகவே ஒரு குறிப்பு வெளியிட்டது. புயல், பூகம்பத்துக்கு ஜனங்களைத் தயார்ப்படுத்தத்தான் அந்த விளையாட்டு. படிக்க வந்த கூட்டத்தில் அந்தப் பக்கமே முடங்கிப்போனது. அதில் உள்ள பட்டியல்: தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கெடாத சாப்பாடு, மருந்து, ரேடியோ, டேப், ஒரு சின்னக் கத்தி, மாற்றுத் துணி, சர்டிபிகேட் நகல்கள், முதலுதவிப் பெட்டி. வீட்டில் எல்லோரும் பிரிந்துபோனால் எங்கே வந்து சேர்வது என்று முன்கூட்டியே ஓர் இடம்.

வாள் இல்லை, மட்டை இல்லை. அடுத்த தடவை கேன்டீனில் இந்தப் பேச்சு வந்தால், சாம்பார் கரண்டியை யார் எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் எங்கே கூடுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.