அக்காள் போட்ட திட்டம்



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர் யாராவது இருக்கிறார்களா? அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று பினாங்கில் பிடித்த மழையும் காற்றும் மறுநாள்வரை விடவில்லை. ஏழு உயிர்களைப் பலிகொண்ட வெள்ளம் அது. ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்குள் நள்ளிரவில் முழங்காலளவு தண்ணீர். விளக்கும் இல்லை.

என் அக்காளுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம். தோட்டத்தில் அம்மா முதுகில் சுமந்து வளர்த்த பிள்ளை. அன்றிரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? அடையாளக் கார்டு, நகை, அரிசி எல்லாவற்றையும் அலமாரிமேல் ஏற்றினேன். அக்காள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைவு எனக்குக் கடைசியில்தான் வந்தது!

என் மகனும் பக்கத்து வீட்டுச் சீனரும் அவரைத் தூக்கிச் சென்றார்கள். சக்கர நாற்காலி தண்ணீரோடு நின்றுவிட்டது. துயர்துடைப்பு மையமாக இருந்த பள்ளியில் கழிவறைக்குப் படியேற வேண்டும். அக்காள் தொண்டையை நனைத்துக்கொண்டதோடு சரி, தண்ணீரே குடிக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "குடித்தால் உன்னைத்தானே எழுப்ப வேண்டும், தங்கச்சி?" என்றார். நெஞ்சு சுட்டது.

வீடு திரும்பியதும் அவரே சொன்னார்: "என்னைத் தூக்கத்தான் ஆள் வேண்டும். யோசிக்க எனக்குத் தெரியும்."

அவர் போட்ட திட்டம் இதுதான். தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே முதலில் கிளம்புவது அவர். தூக்க இரண்டு அண்டை வீட்டார். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். மருந்தும் உடற்பேறு குறைந்தோர் அட்டையும் பிளாஸ்டிக் பையில், அவர் கைக்கெட்டும் இடத்தில். நாற்காலியும் கூடவே வரவேண்டும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பினாங்கில் 50-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன்பின் கடலோரத்தில் அபாயச் சங்குகள் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் காது கேளாதவரைத் தட்டி எழுப்புவது யார்? பக்கத்து வீட்டுக்காரர்தானே!

ஆபத்து வேளையில் மற்றவர்க்குச் சமமாக உதவி பெறுவது இவர்களின் உரிமை என்று நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டம் நள்ளிரவில் கதவைத் தட்டாது, நாம்தான் தட்டவேண்டும்.

ஆகவே, வானம் வெளுத்திருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "வெள்ளம் வந்தால் உங்களுக்கு என்ன வேண்டும்?" நான் கேட்க மறந்த கேள்வி அது. நீங்கள் மறக்காதீர்கள்.