பிழை தீர்ந்ததா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

“பிழையைத் திருத்திவிட்டேன்” என்று ஒருவர் சொன்னதும் நம்பிவிடலாமா, நண்பர்களே? நான் கடைமடைக்காரன். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மண்வெட்டியோடு முதலில் நம் வாய்க்காலைத்தான் வெட்டுவோம். அடைப்போ மேலே ஏதோ ஒரு மதகில் இருக்கும்! கணினி உலகிலும் இப்படி ஒரு கதை உண்டு.

2008 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு சோதனையில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்த சிலருடைய கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் அட்டை செத்துப்போயிற்று. வெறும் நிரல் நின்றிருந்தால் கணினியை அணைத்துப் போட்டால் தீரும். இங்கோ, மின்சாரம் போனாலும் அழியாமல் அட்டையின் அமைப்பு விவரங்களைக் காக்கும் நினைவகமே சிதைந்திருந்தது. பழி யார்மேல் விழும்? அட்டையை இயக்கும் ‘இ1000இ’ டிரைவர்மேல்தான்!

டிரைவருக்கு ஒரு திருத்தம் வந்தது: அந்த நினைவகத்தில் எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுவது. அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளியாயிற்று. நல்ல திருத்தம்தான். ஆனால் அங்கே எழுதியது யார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

தேடலைக் கைவிடாதவர்கள் கடைசியில் பிடித்தது, எஃப்ட்ரேஸ் என்னும் வேறொரு பகுதியை! கெர்னலில் எந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று கண்காணிப்பது அதன் பணி. அதற்காகச் சில முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பின்னர் அங்கே சென்று கட்டளையை மாற்றி எழுதும். தொடக்கத்தில் மட்டும் தேவைப்படும் நிரல், வேலை முடிந்ததும் நினைவகத்தைக் காலி செய்துவிடும். அப்படிக் காலியான முகவரி, அட்டையின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. குடி மாறியது தெரியாமல் பழைய விலாசத்துக்குப் போனது எஃப்ட்ரேஸ். ‘பழைய மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்னும் எச்சரிக்கையான கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 செயலியில் அக்கட்டளை, மதிப்பு பொருந்தாவிட்டாலும் படித்ததையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்துக்கு அதனால் தீங்கில்லை. அட்டைக்கு அது விஷம். சில நாட்களில் வந்த 2.6.27.1 பதிப்பு, எஃப்ட்ரேஸின் அந்த வசதியை முடக்கியது.

லினக்ஸில் ஒரு திருத்தத்தைச் சரிபார்த்தவர், அதன் கீழே ‘ரிவ்யூட்-பை’ என்று தம் பெயரைச் சேர்ப்பார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் என் தாத்தாவின் கட்டைவிரல் நினைவுக்கு வரும். நீட்டிய தாளில், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர் அவர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டென்றே அவர் அறிந்ததில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கேள்வி கேட்க எனக்கும் கூச்சந்தான். அதிலும் நம்மைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவரிடம் கேட்பதென்றால்!

சென்ற மாதம் ஆய்வகத்தில், நின்று நின்று போன தன் நிரலைச் சரிசெய்துவிட்டதாக நண்பன் ஒருவன் காட்டினான். ‘பாயின்டர் வெறுமையாக இருந்தால் திரும்பிவிடு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

“அது ஏன் வெறுமையாச்சு?” என்றேன்.

“ஓடுதுல்ல, விடுடா!”

நான் விடவில்லை. மூன்று செயற்கூறுகளுக்கு முன்னால், வேலை முடியுமுன்பே அதை விடுவிக்கும் வரி அகப்பட்டது. அதற்குள் எங்கள் ஊர்ப் பேருந்து போயே போய்விட்டது.