தொண்டையில் புண்: புற்றா, காசமா?

குரல் கம்மிப்போச்சு. பீடி பழக்கம் உண்டு. எச்சில் முழுங்கினாலே வலி. உடம்பு இளைச்சுக்கிட்டே வருது. இதைக் கேட்டதும் நம்ம எல்லார் மனசுலயும் வர்ற ஒரே வார்த்தை, புற்று.

காஞ்சிபுரம் பக்கம் இந்த பயம் கொஞ்சம் கூடுதல். அண்ணா பிறந்த ஊர். 1969ல் அவரைக் கொண்டுபோனதும் புற்றுநோய்தான். அவர் பெயர்ல அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கறது காரப்பேட்டையில். "காரப்பேட்டைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க"ன்னா, என்ன நோய்னு யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

திருப்புட்குழியிலிருந்து வந்த பெரியவர் ஒருத்தர் உட்காரும்போதே சொல்லிட்டார்: "எனக்கு செலவு வேணாம் சார், பேத்தி படிப்புக்கு வெச்ச காசு." மூணு மாசமா சித்தரத்தையும் அதிமதுரமும் மென்னுக்கிட்டு இருந்திருக்கார்.

ஸ்கோப்புல பார்த்தா குரல் நாண் முழுக்க புண், வீக்கம். பார்வைக்கு அசல் புற்றேதான். ஆனா சில விஷயம் இடிச்சது. குரல் நாண்ல வர்ற புற்று ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. இவருக்கு சோறு இறங்கலை, அவ்வளவு வலி. சாயங்காலமானா காய்ச்சல். புண்ணுக்கு நடுவுலயும் நாண் ரெண்டும் நல்லா அசைஞ்சது. எக்ஸ்ரேயில் நுரையீரல் மேல்பகுதியில் நிழல்.

இதெல்லாம் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. தீர்ப்பு சொல்றது பயாப்சி.

"கத்தி பட்டா பரவிடும்"னு மருமகள் தயங்கினாங்க. பரவாதும்மா. சதையை எடுத்துப் பார்க்காம கதிர்வீச்சும் கூடாது, "போட்டுப் பார்ப்போமே"ன்னு காசநோய் மாத்திரையும் கூடாது.

ரிசல்ட் வந்தது: குரல்வளை காசநோய். சளியில் சிபிநாட்டும் பாசிட்டிவ். ஆறு மாசம் மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் பேங்க் கணக்குல வரும்.

வீட்ல எல்லார் முகத்துலயும் சிரிப்பு. நான்தான் அதைக் கொஞ்சம் கெடுக்க வேண்டியிருந்தது. புற்று ஒட்டாது, இது ஒட்டும். குரல்வளையில் இருந்தா இருமினாலும் பேசினாலும் கிருமி காத்துல வரும். அந்தப் பேத்தி தூங்கறது தாத்தா பக்கத்துலதான். வீட்ல அத்தனை பேரையும் பரிசோதிச்சோம். நோய் யாருக்கும் இல்லை. தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சாச்சு.

இதோட எதிர்ப்பக்கமும் உண்டு. 1887ல் ஜெர்மன் இளவரசர் ஃபிரடெரிக்குக்கு குரல் கம்மினப்ப, அந்த ஊர் டாக்டர்கள் புற்றுன்னாங்க. லண்டன்ல இருந்து வந்த மெக்கன்சி சதை எடுத்து அனுப்பினார். பார்த்தவர் நோய்க்குறியியலின் தந்தைன்னு சொல்ற விர்க்கோவ். புற்று தெரியலைன்னார். ஆபரேஷன் நின்னுபோச்சு. மறுவருஷம் பேரரசர் ஆகி 99வது நாள் ஃபிரடெரிக் இறந்தார், குரல்வளைப் புற்றால். ஒரு துணுக்குல இல்லைன்னா தொண்டையிலயே இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால ரெண்டாம் மாசம் பெரியவருக்கு மறுபடி ஸ்கோப் போட்டோம். புண் ஆறியிருந்தது. வலி இல்லை, சோறு இறங்குது. கரகரப்பு மட்டும் கொஞ்சம் நிக்குது, தழும்பு இருந்தா அப்படித்தான். பீடியை விட்டுட்டேங்கறார். மருமகள் பக்கத்துல நின்னு தலையை ஆட்டலை.