நீக்கப்பட்ட நாற்பது வினாடிகள்

உப்பைப் பற்றி மறையுரை ஆற்றாத குரு எவரும் இருக்க இயலாது. நம் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டுப் பேசிய மலைப்பொழிவுப் பகுதியை எடுத்துக்கொண்டு, சாரம், சுவை, கரைந்து மறையும் தியாகம் என்றெல்லாம் நானும் ஆண்டுக்கணக்கில் பேசிவந்தேன். புதுச்சேரியிலிருந்து சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்து உப்பளங்களைப் பேருந்தின் சாளரத்தின் வழியே பன்முறை பார்த்ததும் உண்டு. ஆனால் சாலையிலிருந்து இறங்கி, அந்த வரப்புகளின்மேல் நடந்து, உப்பு எப்படி விளைகிறது, அதை விளைவிப்பவர் யார் என்று கண்டறிய எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அதுவும் என் முயற்சியால் அன்று. ஆறு மாணவர்கள் எடுத்த ஒரு குறும்படத்தால் நிகழ்ந்தது. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். ஏனெனில் அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கம். குயிலாப்பாளையத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த கல்லூரி மாணவ மாணவியர் அறுவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். நால்வர் நம் மறையினர். இருவர் இந்து சமயத்தினர். குயிலாப்பாளையம், கடற்கரைச் சாலைக்கு மேற்கே, செம்மண் மேட்டில், முந்திரியும் பனையும் சூழ்ந்த ஊர். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகர் அதன் வாசலிலேயே இருக்கிறது. அங்கே 2009-இல் தொடங்கிய திரைப்பட விழாவில் மாணவர்கள் எடுத்த படங்களும் திரையிடப்பட்டதுண்டு. ஆகவே படம் எடுப்பது என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாக் கனியாகத் தோன்றவில்லை.

கல்லூரியில் அவர்களுக்கு ஒரு குழுப்பணி கொடுக்கப்பட்டிருந்தது. அறுவர் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து, ஏப்ரல் மாதத்திற்குள் ஒப்படைக்க வேண்டும். உப்பளத் தொழிலாளரைப் பற்றி எடுப்பது என அவர்கள் முடிவு செய்திருந்தனர். என்னிடம் கேட்டவை இரண்டே: கூடிப் பேச ஓர் அறை, உப்பளத்திற்கு உடன்வர ஒரு பெரியவர். “ஃபாதர் கூட வந்தால் உள்ளே விடுவார்கள்” என்றான் ஒருவன். என் அங்கிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

திருச்சபைக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவு புதியதன்று. பதினோராம் பத்திநாதர் 1936-இலேயே திரைப்படம் குறித்துச் சுற்றுமடல் விடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. நம் நாட்டில், கல்கத்தாவில் இயேசு சபைக் குரு கஸ்தோன் ரோபர்ஜ் 1970-இல் ‘சித்ரபாணி’ என்ற நிலையத்தை நிறுவி, இளைஞர்க்குத் திரைக்கலையைப் பயிற்றுவித்தார். குருமடத்தில் இவற்றையெல்லாம் தேர்வுக்காகப் படித்தவன் நான். இப்போது செயலில் காட்ட வாய்ப்பு வந்ததே என்று உள்ளம் பூரித்தேன். அந்தப் பூரிப்பில் சிறிது தற்பெருமையும் கலந்திருந்ததை அப்போது நான் உணரவில்லை.

முதல் கூட்டத்திலேயே சண்டை எழுந்தது. அறுவரும் இயக்குநர் ஆக விரும்பினர்! ஒரே உடலில் பல உறுப்புகள் இருப்பதைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துக் கூறினேன். அரை மணி நேர வாக்குவாதத்திற்குப் பின், ஒருவன் இயக்குநர், ஒருவன் ஒளிப்பதிவு, ஒருத்தி கதையமைப்பு, ஒருவன் தொகுப்பு, ஒருவன் பயணமும் உணவும் என்று பிரித்துக்கொண்டனர். ஒருவரும் விரும்பாமல் எஞ்சி நின்றது ஒலிப்பதிவு. அதை, அதுவரை வாய் திறவாத ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள். மரக்காணத்து உப்பளம் ஒன்றில் வேலை செய்துவந்தவர் அவளுடைய பெரியம்மா. அவர் மூலமாகவே உள்ளே செல்ல அனுமதியும் கிடைத்திருந்தது.

கட்ச் பகுதியின் உப்புத் தொழிலாளரைப் பற்றி ஃபரிதா பாச்சா இயக்கிய ‘மை நேம் இஸ் சால்ட்’ என்ற 2013-ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி அவர்கள் கற்றிருந்தனர். விளக்கவுரை இன்றி, உழைப்பைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதே அதன் முறையாம். தங்கள் படத்திலும் விளக்கவுரை கூடாது என்று உறுதியாக நின்றனர். இறுதியில் ஒரு நற்செய்தி வசனத்தை நான் படிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மரியாதையாக மறுத்துவிட்டனர்.

பங்குனி மாதத்து அதிகாலையில் ஒரு வாடகை வண்டியில் புறப்பட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடியவில்லை. பெண்களோ அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தனர். வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் குத்தும். ஆகவே இருட்டிலேயே கைவிளக்கோடு வந்து, உச்சிப்பொழுதுக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார்கள். ஒளிப்பதிவு செய்த மாணவனும் அதே பாடத்தைக் கற்றான். காலை எட்டு மணிக்கு மேல் எடுத்த காட்சிகளில் உப்பு ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்ததேயன்றி, அதன் மணி தெரியவில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்கின்றனர். முதலில் சுண்ணச் சத்து படிகிறது. அடர்த்திமானி சுமார் 25 டிகிரி காட்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு மணி பிடிக்கத் தொடங்குகிறது. முன்னதாக வாரினால் வெறும் உவர்நீர். அளவுக்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசந்துபோகும். பாத்தியின் தரை இறுகுவதற்காக அதைக் காலால் மிதித்து மிதித்துப் பதப்படுத்துகின்றனர். அந்தக் கால்களை நான் கண்டேன். வெடிப்புகளில் உப்பேறி, ஆறாத புண்களோடு இருந்தன. பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவும் எனக்கு, கழுவ வேண்டிய பாதங்கள் எங்கே இருக்கின்றன என்பது அன்றுதான் விளங்கிற்று.

உப்பளத்தில் காற்று ஓயாது வீசும். முதல் நாள் பதிவான ஒலியில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. மறுமுறை அந்தப் பெண் கம்பளித் துணி ஒன்றை ஒலிவாங்கியின்மேல் சுற்றிக் கட்டி, பேசுவோரின் அருகிலேயே வரப்பில் அமர்ந்துகொண்டாள். கூழ் குடிக்கும் வேளையில் பெண்கள் அவளோடு பேசினர். தங்கள் வீட்டுப் பெண்தானே என்ற உரிமையில், கருவி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டனர்.

அப்போதுதான் அவளுடைய பெரியம்மா அந்த நாற்பது வினாடிப் பேச்சைப் பேசினார். உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. ஆகவே தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். அதனால் வரும் நோயை மருத்துவரிடமும் கூசிக் கூசிச் சொல்கிறார்கள். கூலி பாக்கி நிற்பதையும் கூறினார். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கூழைக் குடித்துக்கொண்டே, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

பங்கு இல்லத்து அறையில் அதைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. மௌனத்தைக் கலைத்தவன் நானே. “இதுதான் உங்கள் படத்தின் உயிர். இதை நடுவில் வையுங்கள்” என்றேன். அது மட்டுமன்று, வரும் ஞாயிறு மறையுரைக்கென அச்சொற்களை என் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு, சமையற்காரர் கதவைத் தட்டினார். வெளியே அந்த அம்மையார் தம் தங்கையோடு நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்து, மரக்காணத்திலிருந்து பேருந்து ஏறி வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சாமி, நம்ம வூட்டுப் பொண்ணுதானேன்னு வாய விட்டுப் பேசிட்டேன். அது படத்துல வருதாமே. இப்பல்லாம் எந்தப் படமும் செல்லுலயே ஊர் சுத்துது. மொதலாளி காதுக்குப் போனா நாளைக்கு என்ன வரவேணாம்னு சொல்லிடுவாங்க.”

“அம்மா, உங்கள் நன்மைக்காகத்தானே பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள்?” என்றேன்.

“நன்ம வர்ற வரைக்கும் எங்க வூட்ல அடுப்பு எரியணும் சாமி” என்றார் அவர். யாரையும் குறை கூறவில்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்று புறப்பட்டுவிட்டார்.

மறுநாள் அறுவரையும் அழைத்தேன். அந்தக் காட்சி இல்லையென்றால் படமே இல்லை என்றான் இயக்குநர். முகத்தை மறைத்துவிடலாம் என்றான் தொகுப்பாளன். “குரலே போதும், அளத்தில் எல்லாருக்கும் பெரியம்மாவைத் தெரியும்” என்றாள் ஒலிப்பதிவுப் பெண். “நாம் பொய் ஒன்றும் காட்டவில்லையே” என்றான் மற்றொருவன். எல்லாரும் என்னைப் பார்த்தனர். நானோ, அநீதியை மறைப்பதும் பாவம்தான் என்றும், இறைவாக்கினர் அஞ்சி வாய் மூடியதில்லை என்றும் பேசத் தொடங்கினேன். என் உள்ளத்தில் இருந்தது இறைவாக்கினர் அல்லர். என் குறிப்பேட்டில் இருந்த மறையுரை என்பதை இன்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்பெண் தலை குனிந்தபடியே கேட்டாள்: “ஃபாதர், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நீங்கள் கேட்பதும் உண்மைதானே? அதை மறையுரையில் சொல்வீர்களா?”

அது வேறு, இது வேறு என்று விளக்க எனக்குத் தெரியும். குருமடத்தில் அதற்கெல்லாம் பயிற்சி உண்டு. ஆயினும் வாய் எழவில்லை. ஓர் ஏழைப் பெண் நம்பிக்கையோடு ஒருத்தியின் காதில் இட்ட சொல்லை, அவர் அனுமதியின்றி உலகின் காதில் இடப் பார்த்தோம். இறைவாக்கினர் தங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பேசினார்கள். நாங்களோ மற்றொருவரின் சோற்றைப் பணயம் வைத்துப் பேச நினைத்தோம். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பிக்க, ஒருவரும் விரும்பாத வேலையை ஏற்ற அந்தச் சிறுமி வேண்டியிருந்தாள்.

நெடுநேரம் கழித்து இயக்குநரே எழுந்து, தன் கையால் அப்பகுதியை வெட்டினான். எல்லாப் பிரதிகளிலும் அதை அழித்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினான். நான் அறைக்குள் சென்று என் குறிப்பேட்டின் தாளைக் கிழித்தேன். கல்லூரியில் படத்திற்கு நடுத்தரமான மதிப்பெண்ணே கிடைத்தது. உழைப்பு தெரிகிறது, ஆனால் நடுவில் ஏதோ விடுபட்டதுபோல் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னாராம். விடுபட்டது இன்னதென்று அறுவரில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் அவர்கள் ஒரு குழு ஆனார்கள் என்று கருதுகிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் என் மனம் ஆறியிராது. காட்சியை நீக்கியதால் அந்த அம்மையாரின் வேலை காப்பாற்றப்பட்டது. அவருடைய தாகம் தீரவில்லையே!

அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் இக்கரையைத் தாக்கிற்று. உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின, வரப்புகள் கரைந்தன. நிவாரணப் பொருள்களோடு மாணவர்களும் நானும் சென்றபோது, அந்த அம்மையார், “எங்க பாத்தியெல்லாம் போச்சே, அந்தப் படத்தையாவது போட்டுக் காட்டுங்க, பாப்போம்” என்றார். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய வாரத்தில், அவர்கள் தெருவிலேயே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் திரையிட்டோம். தங்கள் கால்களையும், தாங்கள் குவித்த உப்பையும் திரையில் கண்டு பெண்கள் ஆரவாரித்தனர். கூழ் குடிக்கும் இடம் வந்தது. உடனே அடுத்த காட்சிக்குத் தாவிற்று.

படம் முடிந்ததும் அந்த அம்மையார் எழுந்தார். “இங்க நான் ஒண்ணு பேசியிருந்தேன். எடுத்துடச் சொன்னேன், எடுத்துட்டாங்க. இப்ப நானே சொல்றேன்” என்று, அதே சொற்களை அனைவர் முன்னும் சொன்னார். கருவி எதுவும் அதைப் பதிவு செய்யவில்லை. அவர் முடித்ததும் மற்றொருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். தனியே சொல்ல அஞ்சியதைப் பலராய்ச் சொல்ல அவர்கள் அஞ்சவில்லை.

அடுத்த பருவம் தொடங்குமுன், பெண்கள் பதினால்வர் ஒன்றாகச் சென்று உப்பள உரிமையாளர் சிலரைக் கண்டனர். அவர்கள் கேட்டுக்கொண்டபடி நானும் பின்னால் நின்றேன். ஓரிடத்தில் நிழற்கொட்டகையும் மறைப்போடு கூடிய கழிப்பிடமும் வந்தன. மற்ற இடங்களில் தேநீரும் நல்வார்த்தையும் கிடைத்தன. நடுவண் அரசு 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கெனத் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில், விடுபட்ட பெண்களின் பெயர்களை மாணவர்கள் இரண்டு ஞாயிறுகளில் பதிவு செய்து கொடுத்தனர். படம் எடுத்த அதே கைப்பேசிகளே அதற்கும் பயன்பட்டன. வெட்டிய நாளில் கோபித்துச் சென்ற இயக்குநரும் அங்கே வந்திருந்தான்.

அன்புள்ள பெற்றோரே, இன்று உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு படக்கருவி இருக்கிறது. அதைப் பறிக்காதீர்கள், அது தீயதன்று. ஆனால் படம் பிடிக்குமுன் ஒருமுறையும், பிறருக்கு அனுப்புமுன் ஒருமுறையும், எதிரே இருப்பவரிடம் அனுமதி கேட்கக் கற்றுக்கொடுங்கள். அவர் ஏழையானால், இருமுறை கேட்கச் சொல்லுங்கள். ஏனெனில் மறுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

இப்போதும் மலைப்பொழிவின் அந்தப் பகுதி வரும் ஞாயிறன்று மறையுரை ஆற்றுகிறேன். உப்பு வெயிலையும் காற்றையும் ஏற்று, தன் வேளை வரும்போதுதான் மணி பிடிக்கிறது என்று சொல்வேன். யாருடைய உப்பளத்தில் இதைக் கற்றேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த அம்மையாரிடம் அதற்கு இன்னும் அனுமதி பெறவில்லை.